ஒரு நொடி பிந்தி வரும் சிரிப்பு

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது யாராவது ஆங்கிலத்தில் ஏதாவது சொல்கிறார்கள், எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் உனக்குப் புரிகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறாய். ஆங்கிலப் பேச்சு வகுப்பு ஒன்றில் பணம் கட்டிச் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறாய். சேராதே என்பதுதான் என் பதில். ஆனால் வேண்டாம் என்று சொல்பவள், வேறு என்ன செய்வது என்பதையும் சொல்லத்தானே வேண்டும்? அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. நான்கு வருடப் படிப்பும் அதில்தான், இன்று அலுவலக மின்னஞ்சல் எல்லாம் எழுதுவதும் அதில்தான். உனக்குப் பழகாமல் போனது அந்த மொழியின் விளையாட்டு. பாடப் புத்தகம் விளையாடாது, மின்னஞ்சலும் விளையாடாது. பேசுகிறவர் குரலை எங்கே தாழ்த்துகிறார், எங்கே வேண்டுமென்றே ஒரு கணம் நிறுத்துகிறார், சின்ன விஷயத்தை எப்போது பெரிய வார்த்தையில் சொல்கிறார் என்பதெல்லாம் காது வழியாகத்தான் உள்ளே போகும். தமிழில் உனக்கு இது எப்படி வந்தது? தாத்தா திண்ணையில் பேசக் கேட்டு வந்தது. கவுண்டமணியும் செந்திலும் பேசக் கேட்டு வந்தது. எந்த வாத்தியாரும் பாடம் எடுக்கவில்லை.

அதனால் கேள். தினமும் வேலைக்குப் போக வர இரண்டு மணி நேரம் பேருந்தில் போகிறது என்கிறாயே, அந்த நேரத்தில் பழைய ஆங்கில நகைச்சுவைக் கதைகளையும் வேடிக்கைப் பாட்டுகளையும் ஒலிநூலாகக் கேள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. லிப்ரிவாக்ஸ் என்று தேடு, அதன் செயலியும் கிடைக்கும். பணி ஓய்வுக்குப் பிறகு என் பொழுதில் பாதி அங்கேதான் போகிறது என்பது உனக்குத் தெரியும். பிறர் வாசித்து அனுப்பிய பதிவுகளை மூலநூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டு, பிழை குறித்துக் கொடுக்கும் வேலையைச் செய்து வருகிறேன். அதனால் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, பழகியதைத்தான் சொல்கிறேன்.

2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹியூ மெக்குவயர் என்பவர் லிப்ரிவாக்ஸைத் தொடங்கினார். உரிமைக்காலம் முடிந்த ஒரு நூலை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொன்றாக வாசித்துப் பதிவு செய்வோமா என்று இணையத்தில் அழைப்பு விடுத்தார். முதலில் எடுத்தது ஜோசப் கான்ராட் எழுதிய ‘தி சீக்ரெட் ஏஜென்ட்’ நாவல். இன்று அங்கே சுமார் 20,000 ஒலிநூல்கள் இருக்கின்றன. வாசிப்பவர் யாருக்கும் சம்பளம் கிடையாது, கேட்பவரிடம் கட்டணமும் கிடையாது, நடுவில் விளம்பரமும் கிடையாது. வாசிக்கத் தேவையான நூல்களில் பெரும்பகுதி புராஜெக்ட் குட்டன்பெர்க்கிலிருந்து வருகிறது. 1971இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த மைக்கேல் ஹார்ட், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைக் கணினியில் தட்டச்சு செய்து தொடங்கிய நூலகம் அது. முடிந்த ஒலிப்பதிவுகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் சேமித்து வைக்கிறது. யாருக்கும் லாபமில்லாத இந்த ஏற்பாடு இருபது வருடமாக நின்றுபோகாமல் நடக்கிறது. நம் காலத்தின் பெரிய கொடைகளில் ஒன்றாகவே இதை நான் மதிக்கிறேன்.

எங்கே தொடங்குவது? பட்டியல் போட்டுத் தந்தால் நீ அதைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு மறந்துவிடுவாய். ஒரே ஒரு கதையைச் சொல்கிறேன். ஸ்டீபன் லீகாக் எழுதிய ‘மை ஃபைனான்ஷியல் கேரியர்’. வாசிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. 1910இல் வந்த ‘லிட்டரரி லாப்ஸஸ்’ தொகுப்பில் முதல் கதையாக இருக்கும்.

சம்பளம் ஐம்பது டாலராக உயர்ந்த ஓர் இளைஞன், இனிப் பணத்தை வங்கியில்தான் போட வேண்டும் என்று கிளம்புகிறான். வங்கிக்குள் கால் வைத்தாலே அவனுக்கு நடுக்கம். மேலாளரைப் பார்க்க வேண்டும், தனியாக என்கிறான். அந்தத் ‘தனியாக’ எதற்கென்று அவனுக்கே தெரியாது. மேலாளரோ இவன் ஏதோ துப்பறிய வந்தவன் என்று எண்ணிக்கொண்டு அறைக்குள் அழைத்துக் கதவைப் பூட்டுகிறார். பெரிய தொகை போடப் போகிறீர்களா என்று கேட்கிறார். ஐம்பத்தாறு டாலர் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறுகிறது. ஒருவழியாகப் பணத்தைக் கட்டிவிட்டு, கைச்செலவுக்கு ஆறு டாலர் எடுக்கக் காசோலை எழுதுகிறான். பதற்றத்தில் ஆறுக்குப் பதில் ஐம்பத்தாறு என்று எழுதிவிடுகிறான். எழுதியது எழுதியதுதான் என்று வீறாப்பாக நிற்கிறான். பிறகு என்ன ஆகிறது என்பதை நீயே கேட்டுக்கொள்.

இந்தக் கதையை எழுதியவர் பொருளாதாரப் பேராசிரியர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம், அரசியல் துறைக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர். லிப்ரிவாக்ஸ் பிறந்த அதே ஊர்க்காரர் என்பதால் எனக்கு அவர்மீது தனிப் பிரியம். வங்கி எப்படி நடக்கிறது என்று வகுப்பில் விளக்கிய மனிதர், வங்கி வாசலில் நிற்கும் சாமானியனின் நெஞ்சு படபடப்பையும் தெரிந்துவைத்திருந்தார். எந்த அலுவலகத்துக்குள்ளும் முதல்முறை நுழைகிற எவருக்கும் அந்தப் படபடப்பு உண்டு. ஐந்து மாதத்துக்கு முன் நீ வேலைக்குச் சேர்ந்த நாளில் உனக்கும் இருந்திருக்கும்.

அடுத்ததாக ஜெரோம் கே. ஜெரோம். 1889இல் வெளிவந்த ‘த்ரீ மென் இன் எ போட்’. கல்லூரியில் யாராவது பெயரைச் சொல்லியிருப்பார்கள். மூன்று நண்பர்களும் மான்ட்மொரன்சி என்ற நாயும் தேம்ஸ் ஆற்றில் கிங்ஸ்டனிலிருந்து ஆக்ஸ்போர்டுவரை படகில் போகிற கதை. ஆற்றங்கரை ஊர்களைப் பற்றிய பயண நூலாகத்தான் ஜெரோம் அதை நினைத்து எழுதத் தொடங்கினார். எழுத எழுத வேடிக்கை மேலே வந்துவிட்டது, சரித்திரம் அடியில் போய்விட்டது. ஆங்காங்கே திடீரென்று ஒரு பக்கம் பழைய மன்னர்களைப் பற்றி வரும், அங்கே பொறுமையாக இரு. நண்பர்கள் இருவரும் நிஜ மனிதர்களை வைத்து எழுதப்பட்டவர்கள், நாய் மட்டும் முழுக்கக் கற்பனை.

ஜெரோமின் வாழ்க்கையில் சிரிக்க அதிகம் இல்லை. சிறுவயதிலேயே தந்தையையும் தாயையும் இழந்தவர். பதினான்கு வயதில் படிப்பை விட்டு ரயில்வேயில் வேலைக்குப் போனார். தண்டவாளத்தோரம் சிந்திக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்குவதும் அந்த வேலையில் சேர்த்தி. பிறகு நாடகக் கம்பெனிகளில் அலைந்தார், பள்ளியில் கற்பித்தார், பத்திரிகைக்கு எழுதிப் பார்த்தார். அப்படி வளர்ந்தவர் எழுதிய ஆங்கிலம் என்பதால்தான் அது தெருவில் பேசுகிற ஆங்கிலமாக இருக்கிறது. அந்தக் காலத்து விமர்சகர்களுக்கு அது பிடிக்கவில்லை. ‘பஞ்ச்’ பத்திரிகை அவர் பெயரையே கீழ்த்தட்டு உச்சரிப்பில் எழுதிக் கேலி செய்தது. படித்தவர்களின் நாக்குக்கு ஒத்துவராத அந்தப் பேச்சுநடைதான் இன்று உனக்கு வேண்டியது.

அந்த நூலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அன்னாசிப்பழ டின் ஒன்று வருகிறது. மதிய உணவுக்குக் குளிர்ந்த மாட்டிறைச்சி இருக்கிறது, கடுகு விழுதை எடுத்துவர மறந்துவிட்டார்கள். எல்லோருக்கும் மனம் சோர்ந்திருக்கிற நேரத்தில் நண்பர்களில் ஒருவனான ஜார்ஜ் மூட்டையின் அடியிலிருந்து அன்னாசி டின்னை எடுக்கிறான். மூவருக்கும் அன்னாசி பிடிக்கும். டின்னின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்க்கிறார்கள், உள்ளே இருக்கும் சாற்றை நினைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு நண்பன் ஹாரிஸ் கரண்டியைக்கூடக் கையில் எடுத்துவிட்டான். அப்புறம்தான் டின் திறப்பானைத் தேடுகிறார்கள். இல்லை. பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தால் கத்தி உடைந்து கை கிழிகிறது. கத்தரிக்கோல் துள்ளிக் கண்ணுக்கு நேரே பறக்கிறது. படகுத் துரட்டியின் கூர்முனையை வைத்துப் பார்த்தவன் சேற்றுத் தண்ணீரில் விழுகிறான். டின்னுக்கு ஒரு கீறல் இல்லை. பிறகு கரையில் வைத்து, கூரான கல்லொன்றை அதன்மேல் பிடித்து, படகின் பாய்மரத்தால் ஓங்கி அடிக்கிறார்கள்.

இதைத் தாளில் படித்தால் ஒரு பக்கச் சண்டைக் காட்சி. கேட்டால்தான் தெரியும் ஜெரோமின் வித்தை. ஒவ்வொரு தோல்வியையும் அவர் நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுப்பவர் மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நீளமான வாக்கியம், அதற்குப் பின்னால் ஒரு குட்டை வாக்கியம். அந்தக் குட்டை வாக்கியத்துக்கு முன்னால் நல்ல வாசிப்பாளர் மூச்சு ஒன்று விடுவார். அந்த மூச்சில்தான் சிரிப்பு இருக்கிறது. உன் அலுவலக நண்பர்கள் அந்த மூச்சைக் கேட்டுப் பழகியவர்கள். அதனால்தான் உனக்கு முன்னால் சிரிக்கிறார்கள்.

இங்கே குரல் தேர்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே நூலுக்கு அங்கே இரண்டு மூன்று பதிப்புகள் இருக்கும். தன்னார்வலர்கள் வாசிப்பதால் எல்லாம் ஒரே தரத்தில் இருக்காது. சிலர் தேர்ந்த நடிகரைப் போல வாசிப்பார்கள், சிலர் செய்தி வாசிப்பதைப் போல. பலர் பங்கு போட்டுக்கொண்டு வாசித்த நூல்களில் அத்தியாயத்துக்கு ஒரு குரல் மாறும், தொடக்கத்தில் அது உனக்குத் தொல்லையாக இருக்கும். ஒருவரே முழுக்க வாசித்த பதிப்பை முதலில் எடு. ஐந்து நிமிடம் கேள், பிடிக்காவிட்டால் அடுத்த பதிப்புக்குப் போ. நூலைக் குறை சொல்லாதே. ஜெரோமுக்கு பிரிட்டிஷ் குரல் தேடு. லீகாக்குக்கும் மார்க் ட்வெய்னுக்கும் வட அமெரிக்கக் குரல்தான் பொருந்தும். தானே சிரித்துக்கொண்டு வாசிக்கிறவரை எந்த நூலுக்கும் எடுக்காதே. நகைச்சுவையை வாசிக்கிறவர் முகம் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இன்னொன்று, வேகத்தைக் கூட்டாதே. நீங்கள் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறீர்கள். தொழில்நுட்ப உரைக்கு அது சரி. நகைச்சுவையில் நிறுத்தம்தான் சரக்கு. வேகத்தைக் கூட்டினால் முதலில் தொலைவது அதுதான்.

அலுவலக வாழ்க்கையைப் பற்றி ஏதாவது வேண்டுமென்றால் ‘தி டயரி ஆஃப் எ நோபடி’ கேள். ஜார்ஜ் கிராஸ்மித், வீடன் கிராஸ்மித் என்ற அண்ணன் தம்பி எழுதி 1888, 89இல் ‘பஞ்ச்’ இதழில் வந்து, 1892இல் நூலானது. லண்டன் குமாஸ்தா பூட்டரின் நாட்குறிப்பு. புதிதாக வந்த சிவப்பு எனாமல் பெயின்ட் வாங்கி வீட்டில் கண்ணில் பட்டதுக்கெல்லாம் பூசுகிறார். ஷேக்ஸ்பியர் புத்தகங்களின் முதுகைக்கூட விட்டுவைக்கவில்லை. குளியல் தொட்டிக்கும் பூசுகிறார். இரண்டு நாள் கழித்து வெந்நீரில் உட்கார்ந்திருக்கும்போது கை சிவப்பாக இருப்பதைப் பார்த்து இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பதறுகிறார். அந்த மனிதரை நூலாசிரியர்கள் கேலி செய்கிறார்கள், ஆனால் நூல் முடியும்போது உனக்கு அவர்மேல் மதிப்பு வந்துவிடும். முதலாளியின் ஒரு நல்ல வார்த்தைக்காக வருடக்கணக்கில் காத்திருந்த ஆள் அவர். அப்படிப்பட்டவர்களை நம் குடும்பத்திலும் பார்த்திருக்கிறோம்.

சாகி என்ற புனைபெயரில் எழுதிய எச். எச். மன்றோவின் கதைகளில் பல பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1870இல் பர்மாவின் அக்யாபில் பிறந்தவர், முதல் உலகப் போரில் 1916 நவம்பரில் பிரான்சின் போர்க்களத்தில் இறந்தவர். ‘தி ஓப்பன் விண்டோ’வைக் கேள். அதில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள், அவ்வளவுதான் சொல்வேன். கடைசி வரியைத் தவறவிட்டால் கதையே போயிற்று, அதனால் நடத்துநர் சில்லறை கேட்கிற நேரத்தில் கேட்காதே.

பாட்டுகளுக்கு வருவோம். இவற்றைப் பேருந்தில் கேட்காமல் வீட்டில் கேள். எட்வர்ட் லியர் 1846இல் ‘எ புக் ஆஃப் நான்சென்ஸ்’ வெளியிட்டார். ஐந்து வரிக் குறும்பாட்டுகள். தொழிலால் அவர் ஓவியர். கிளிகளை உயிரோடு பார்த்து வரைந்து பெயர் வாங்கியவர், விக்டோரியா மகாராணிக்குக் கொஞ்ச காலம் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். சிறுவயதிலிருந்தே வலிப்பு நோய், கூடவே அடிக்கடி வந்து கவியும் மனச்சோர்வு. வலிப்பை நண்பர்களிடமிருந்துகூட மறைத்து வாழ்ந்தார். அவருடைய பாட்டுகளில் மூக்கு நீண்டவர்களும் ஊரோடு ஒட்டாதவர்களும் இவ்வளவு பேர் வருவதற்கு அந்தத் தனிமையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நம்முடைய பக்கத்துக்கும் அவர் வந்திருக்கிறார் தெரியுமா? அன்றைய வைஸ்ராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பில் 1873 நவம்பரில் பம்பாய் வந்து இறங்கி, ஓராண்டுக்கு மேல் இந்தியா முழுக்கச் சுற்றினார். மகாபலிபுரத்தையும் காஞ்சிபுரத்தையும் திருச்சியையும் வரைந்தார். இலங்கைக்கும் போனார். அந்தப் பயணத்தில் எழுதிய ‘தி கம்மர்பண்ட்’ என்ற பாட்டு பம்பாய் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் 1874இல் வந்தது. வெள்ளைக்காரர் வீடுகளில் புழங்கிய இந்தியச் சொற்களை எடுத்து, அர்த்தத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓசையை மட்டும் வைத்துக்கொண்டு கட்டிய பாட்டு. இடுப்புக் கச்சையான கம்மர்பண்ட் அதில் ஆளை விழுங்கும் பயங்கர மிருகம். அந்தச் சொற்களெல்லாம் நமக்குத் தெரியும் என்பதால் லண்டன்காரரைவிட நீ கூடுதலாகச் சிரிக்கலாம். இந்த ஒரு பாட்டில் முன்னதாகச் சிரிக்கிற வாய்ப்பு உனக்குத்தான்.

லிப்ரிவாக்ஸில் வாரம் ஒரு கவிதை என்று ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. சின்னக் கவிதை ஒன்றை எடுத்துக்கொண்டு, விருப்பமுள்ளவர்கள் எல்லோரும் அதையே வாசித்து அனுப்புவார்கள். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், ஆஸ்திரேலியப் பெண் ஒருத்தி, ஜெர்மானியர் ஒருவர், டெக்சாஸ் தாத்தா ஒருவர் என்று பத்துப் பன்னிரண்டு குரல்கள். அப்படி ஒரு தொகுப்பை எடுத்து வரிசையாகக் கேட்டுப் பார். ஒருவர் மூன்றாம் வரியில் அழுத்துவார், மற்றவர் கடைசிச் சொல்லில். நாலாவது குரல் வருவதற்குள் பாட்டு உனக்கு மனப்பாடம் ஆகியிருக்கும், ஏழாவது குரலில் யார் சரியாக வாசிக்கிறார்கள் என்று நீயே தீர்ப்புச் சொல்வாய். ஆங்கிலத்துக்கு ‘சரியான’ உச்சரிப்பு என்று ஒன்று மட்டும் இருக்கிறது என்ற பயம் அத்தோடு போய்விடும். எந்த வகுப்பிலும் கிடைக்காத படிப்பு இது, யாழினி.

லூயிஸ் கேரலின் ‘தி ஹன்டிங் ஆஃப் தி ஸ்நார்க்’, ஹிலேர் பெல்லாக்கின் ‘காஷனரி டேல்ஸ் ஃபார் சில்ட்ரன்’ இரண்டையும் அதன் பிறகு எடு. கேரல் ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்தவர், திக்குவாய் உள்ளவர். அவர் எழுதிய வரிகளோ உரக்கச் சொல்வதற்கென்றே அமைந்தவை.

கேட்கும் முறைக்கு ஒரு யோசனை. முதல் தடவை எழுத்தைப் பார்க்காதே. புரியாத இடம் வரும், போகட்டும். இரண்டாம் தடவை குட்டன்பெர்க்கில் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு கேள். முதலில் நழுவிய இடங்கள் எவை என்று அப்போது தெரியும். பெரும்பாலும் அருஞ்சொற்களாக இருக்காது, சின்னச் சின்ன இணைப்புச் சொற்களாக இருக்கும். மூன்றாம் தடவை வாசிப்பவரோடு சேர்ந்து நீயும் வாய்விட்டுப் படி. வாரத்துக்கு ஒரு கதை இப்படிச் செய்தால் போதும். அகராதியை மூன்றாம் தடவைக்குப் பிறகு எடு.

எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இவையெல்லாம் பேரரசு கொடிகட்டிப் பறந்த காலத்து எழுத்து. கறுப்பின மக்களையும் யூதர்களையும் ஆசிய மக்களையும் பற்றி இன்று வாயில் எடுக்கக் கூடாத சொற்கள் இவற்றில் சாதாரணமாக வரும். பெண்களைப் பற்றிய கேலியும் உண்டு. ஒலிநூலில் எதையும் வெட்ட மாட்டார்கள், எழுதியது எழுதியபடி இருக்கும். கேட்கும்போது கோபம் வந்தால் அது நியாயமான கோபம். அந்தச் சொற்களைக் கேட்டுப் புரிந்துகொள், அலுவலகத்தில் ஒருபோதும் திருப்பிச் சொல்லாதே.

இன்னொரு விஷயம் சட்டம். அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு ஆன நூல்கள் பொதுவுடைமையாகின்றன, ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் ஓராண்டு நூல்கள் புதிதாகச் சேரும். லிப்ரிவாக்ஸ் பின்பற்றுவது அமெரிக்கச் சட்டத்தை. இந்தியாவில் கணக்கு வேறு, எழுத்தாளர் இறந்த பின் 60 ஆண்டு. பி. ஜி. உட்ஹவுஸின் ஆரம்பகால நூல்கள் பல அங்கே இருக்கின்றன. ‘மை மேன் ஜீவ்ஸ்’ 1919இல் வந்தது. ஆனால் அவர் இறந்தது 1975 பிப்ரவரியில், ஆகவே இங்கே அவருடைய எழுத்துக்கு 2035 முடியும்வரை உரிமை இருக்கிறது. உன் அப்பா அலமாரியில் உட்ஹவுஸ் அச்சுப் புத்தகங்கள் வரிசையாக இருக்கின்றன, அவற்றை எடுத்துப் படி. லீகாக், ஜெரோம், கிராஸ்மித், சாகி, லியர், கேரல், பெல்லாக் யாருக்கும் இந்தச் சிக்கல் கிடையாது.

கேட்டுப் பழகிய பிறகு, நீயும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. கேட்பதோடு நிற்கிறவர்களுக்குப் பாதிதான் கிடைக்கிறது. அங்கே குரல் தேர்வு என்று ஒன்று கிடையாது, யாருடைய உச்சரிப்பையும் காரணம் காட்டித் திருப்பி அனுப்புவதில்லை. முதலில் ஒரு நிமிடச் சோதனைப் பதிவு கேட்பார்கள். அது உன் குரலைச் சோதிக்க இல்லை, கருவி சரியாக இருக்கிறதா, இரைச்சல் இருக்கிறதா, ஒலி அளவு போதுமா என்று பார்க்க. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். எம்பி3 கோப்பு, 128 கேபிபிஎஸ், முடிவில் ஐந்து விநாடி மௌனம் என்று சில விதிகள் உண்டு. நம் ஊரில் பெரிய எதிரி மின்விசிறி. அதை நிறுத்திவிட்டு, புடவை அலமாரியைத் திறந்து அதன் முன் உட்கார்ந்து வாசி. துணி எதிரொலியை வாங்கிக்கொள்ளும். காலை ஐந்து மணிக்குத் தெருவில் சத்தம் இருக்காது. பிழை கேட்பவர் ஒரே வரியை இரண்டு முறை படித்த இடம், விட்டுப்போன வரி, தாள் புரட்டும் சத்தம் ஆகியவற்றை நிமிடமும் விநாடியும் குறித்துச் சொல்வார். வாசிப்பு நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார். கேட்டாலொழிய யாருடைய வாசிப்பையும் விமரிசிப்பதில்லை என்பது அங்கே எழுதப்பட்ட விதி.

ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்கு. நீ கொடுக்கும் பதிவும் பொதுவுடைமை. யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம், உன் பெயரைச் சொல்லாமலும் இருக்கலாம். பிறகு திரும்பக் கேட்க முடியாது. அதற்கு மனம் ஒப்பினால் மட்டும் கொடு. நான் பிழை கேட்டவர்களில் பார்வையற்றவர்களுக்காக வாசிக்கிறேன் என்று சொன்னவர்கள் உண்டு, தம் பிள்ளைகள் தூங்கிய பிறகு வாசிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் யாரும் திரும்பக் கேட்டதில்லை.

தமிழிலும் அங்கே வாசிக்கலாம், எந்த மொழிக்கும் தடையில்லை. நகைச்சுவையில் நீ எடுக்க வேண்டிய நூலையும் சொல்லிவிடுகிறேன், வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குரு கதை’. அவர்தான் இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியார், 1747இல் இறந்தார். கதை 1822இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சானது. எந்த நாட்டுச் சட்டத்திலும் உரிமைத் தொல்லை வராது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துச் சோதிக்கிறார்கள். கரையேறியதும் எண்ணிப் பார்த்தால் ஓர் ஆள் குறைகிறது, ஏனென்றால் எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குகிறார்கள். லீகாக்கின் இளைஞன் வங்கியில் காட்டும் அதே பெருமிதமான அறியாமை இந்தச் சீடர்களிடமும் இருக்கிறது. அதை இறுகிய முகத்தோடு, நிறுத்தி நிதானமாக, நம் ஊர்த் தமிழில் வாசிக்க ஓர் இளம் குரல் வேண்டும். ஆற்றைக் கடக்கும் கதை பதினைந்து நிமிடத்துக்குமேல் போகாது.

நாளைக் காலை பேருந்தில் லீகாக்கைக் கேள். ‘பரமார்த்த குரு’வின் முதல் ஒரு பக்கத்தை அடுத்த மாதத்துக்குள் பதிவு செய்து எனக்கு அனுப்பு. பிழை நான் பார்த்துத் தருகிறேன். அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா